உங்கள் முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பது யார்?

வீட்டில் எல்லோருக்கும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் யார் என்று கேட்டால், குழந்தைகூடச் சட்டென்று கை காட்டிவிடும். தீபாவளி விடியற்காலையில் பிள்ளைகளை மணையில் உட்கார வைத்து, ஓடுகிறவனை இழுத்துப் பிடித்து, சிணுங்குகிறவளைச் சமாதானம் செய்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வைப்பவள் அம்மாதான். அந்த வீட்டு ஐயாவின் தலையில் 'சளசள'வென்று தட்டித் தேய்ப்பவளும் அவளேதான். சரி, அவளுக்கு? அடுப்பில் வடைக்கு எண்ணெய் காய்கிறது. வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். உள்ளங்கையில் ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றி, உச்சியில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு, ஐந்தே நிமிஷத்தில் தலையை நனைத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். இதற்குப் பெயர் எண்ணெய் ஸ்நானமா, சகோதரிகளே?

பட்டணங்களில் இப்போது 'ஸ்பா' என்று பலகை மாட்டிய இடங்கள் பெருகிவிட்டன. மங்கிய விளக்கு, மெல்லிய சங்கீதம், மணிக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம். போகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே இருக்கும் எண்ணெயும் வெந்நீரும் நம் வீட்டிலும் உண்டு. நாம் காசு கொடுத்து வாங்குவது இரண்டே இரண்டு சாமான்கள்: ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாத நிம்மதி, நம்மைப் பிடித்துவிட இன்னொருவருடைய கை.

கை என்றதும் ஒரு வேடிக்கையான சரித்திரம் நினைவுக்கு வருகிறது. பாட்னாவில் 1759-ஆம் ஆண்டு பிறந்த ஷேக் தீன் முகம்மது என்பவர், இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற கடலோர ஊரில் நீராவிக் குளியல் விடுதி நடத்தினார். வந்தவர்களுக்கு உடம்பு பிடித்துவிடுவதுதான் அங்கே விசேஷம். மன்னர் நான்காம் ஜார்ஜுக்கே அவர் இந்த வைத்தியம் செய்தார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஷாம்பூயிங்'. ஹிந்தியில் 'சாம்போ' என்றால் 'அமுக்கு' என்று அர்த்தம். 1822-இல் இதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பிற்பாடு அந்தப் பெயர் தலை கழுவும் திரவத்துக்கு ஒட்டிக்கொண்டது. கை போய்விட்டது, புட்டி தங்கிவிட்டது!

போன கையைத் திரும்ப அழைத்து வருவோம். ஒரு கிண்ணம் நல்லெண்ணெயை இளந்தீயில் வைத்து, நாலு மிளகும் ஒரு சிட்டிகைப் பச்சரிசியும் போடுங்கள். அரிசி பொரிந்ததும் இறக்கி, நன்றாக ஆறவிடுங்கள். மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. எள் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. புதிதாகத் தேய்த்துக்கொள்கிறவர்கள் முதல் நாள் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிப் பார்ப்பது நல்லது.

தலையில் நகம் படாமல் விரல் நுனியால் வட்டமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு காதுக்குப் பின்புறம், பிடரி, தோள். இங்கேதான் அவசரப்படக் கூடாது. மாவு பிசைகிறவர்களுக்கும் சரி, நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன் குனிந்திருப்பவர்களுக்கும் சரி, கழுத்தடியிலிருந்து தோள்முனை வரையுள்ள சதை கட்டையாக இறுகிக் கிடக்கும். கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, வெளிப்பக்கமாக நீவிவிட்டால் 'அப்பாடா' என்று தானாக வாயில் வரும். அந்த இடம் நம் கைக்குச் சரியாக எட்டாது என்பதைக் கவனித்தீர்களா? முதுகும் அப்படியே. கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி மேல்முகமாக நீவ வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்; அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டியது அது.

பாதத்துக்குக் கடைசியில், அதுவும் குளியலறைக்குள் முக்காலியில் உட்கார்ந்தபின் வைத்தால் போதும். எண்ணெய்க் காலோடு வழவழப்பான டைல்ஸ் தரையில் நடந்து இடுப்பை ஒடித்துக்கொண்ட பாட்டிகள் எத்தனை பேர்! சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி மழுங்கியிருக்கலாம். அவர்களுடைய வெந்நீரின் சூட்டை வேறொருவர் கை விட்டுப் பார்க்க வேண்டும்.

அரை மணி ஊறினால் தாராளம். சீயக்காயில் 'சபோனின்' என்ற நுரைக்கும் சத்து இருக்கிறது. எண்ணெயை எடுப்பது அதுதான். வெந்தயமும் பயறும் சேர்த்து அரைத்த தூளைச் சாதம் வடித்த கஞ்சியில் குழைத்தால் முடி சிடுக்கு விழாது. கண்ணில் பட்டால் எரிச்சல் பிராணனை வாங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கூந்தலுக்குத் தேங்காயெண்ணெய்தான் பிடிக்கும் என்பவர்கள் தாராளமாக அதையே வைக்கலாம். முடியிலுள்ள புரதச் சத்து கழுவும்போது வீணாவதை அது குறைக்கிறது என்று 2003-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று சொல்கிறது.

உடம்புக்கு நலங்கு மாவு. பயத்தம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, காய்ந்த ரோஜா இதழ் இவை போதும். மிக நைசாக அரைத்துச் சலிக்க வேண்டும். வறண்ட சருமமானால் பாலாடையில் குழையுங்கள். பாத்திரம் துலக்குவதுபோல் தேய்க்க வேண்டாம். முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் எண்ணெயை விட்டுவிடுங்கள். இதனால் சிவப்பாகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழுக்கும் எண்ணெயும் போய்ச் சருமம் மிருதுவாகும். பிறவி நிறம் மாறாது. நிறத்துக்கு ஆசைப்பட்டு எலுமிச்சம் பழத்தைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகிறவர்களுக்குக் கறுப்புத் திட்டுத்தான் மிச்சம்.

குளித்ததும் ஈரத்தை ஒற்றி எடுத்து, லேசான ஈரம் இருக்கும்போதே கை கால்களில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால், சருமத்தின் ஈரம் சீக்கிரம் ஆவியாகிப் போகாது.

தேய்த்துவிட ஆள்? பத்து வயதுப் பையனுக்குக்கூட ஒரு தடவை காட்டிக்கொடுத்தால் வந்துவிடும். மாமியாரும் மருமகளும் மாற்றி மாற்றித் தேய்த்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. எண்ணெய் வழுக்கும்போது மனஸ்தாபமும் கொஞ்சம் வழுக்கிவிடுகிறது போலும். 'எனக்கு என்ன அவசரம்' என்று சொல்லும் ஐயாவையும் விடாதீர்கள். இத்தனை வருஷம் உங்கள் கையில் தலையைக் கொடுத்தவர்தானே! எண்ணெய் தேய்த்துக்கொண்ட அன்று சூடாக மிளகு ரசம் சாப்பிடுவது நம் வழக்கம். அன்றைக்கு மட்டும் அந்த ரசத்தை வேறு யாராவது வைக்கட்டும்.