இஸ்தான்புல் நகரத்துப் பள்ளிவாசல்கள்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் சரித்திரம் கற்பித்தவன் நான். உஸ்மானியத் துருக்கியரைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் மாணவர்களுக்கு ஒரு வாக்கியத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் செய்வேன்: "1453-ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரைக் கைப்பற்றிய துருக்கியர், அங்கிருந்த ஹாகியா சோபியா ஆலயத்தைப் பார்த்து அதே அச்சில் தங்கள் பள்ளிவாசல்களைக் கட்டிக்கொண்டனர்." நான் படித்த பாடநூலில் அவ்வாறே இருந்தது. ஓய்வு பெற்றபின் அந்நகருக்குச் சென்று ஒரு வாரம் தங்கினேன். அவ்வாக்கியத்தில் பாதிதான் மெய் என்பது அங்கே விளங்கிற்று. மறு பாதியைச் சொல்லாமல் விட்ட குறையை இன்று தீர்க்க முயல்கிறேன்.

ஹாகியா சோபியா, ஜஸ்டினியன் சக்கரவர்த்தி 532 முதல் 537 வரை ஐந்தே ஆண்டுகளில் கட்டுவித்த கிறிஸ்தவ ஆலயம். 1453-இல் பள்ளிவாசலாயிற்று, இருபதாம் நூற்றாண்டில் பல்லாண்டுகள் பொருட்காட்சிசாலையாக இருந்து, 2020-இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. அதன் கும்மட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 31 மீட்டர். அவ்வளவு பெரிய கும்மட்டம், பூகம்பங்களால் தளர்ந்து 558-இல் இடிந்து விழுந்தது. பின்னர் முன்னினும் உயரமாக எழுப்பி 562-இல் முடித்தார்கள்.

கும்மட்டம் ஏன் விழுகிறது? இரண்டு சிலேட்டுகளைத் தலையோடு தலை சாய்த்து மேசைமீது நிறுத்திப் பாருங்கள். அடிப்பக்கம் வெளியே வழுக்கிக்கொண்டு ஓடும். இருபுறமும் புத்தகங்களை முட்டுக்கொடுத்தால் நிற்கும். கும்மட்டத்தின் பாரமும் அப்படித்தான். நேரே கீழே இறங்குவதோடு நில்லாமல், சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலை எதிர்த்து நிற்பது எது என்று தேடுவதே இக்கட்டடங்களைப் பார்க்கும் முறை. அழகு அதற்குப் பிறகு தானே கண்ணில் படும்.

இந்த வினாவுக்கு வாழ்நாளெல்லாம் விடை தேடியவர் சினான். அனதோலியாவில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சுல்தானின் சேவகத்துக்குப் பிடித்துச் செல்லப்பட்டுப் போர்வீரரானவர். படையெடுப்புகளின்போது பாலங்கள் கட்டிக் கைப்பழக்கம் பெற்றவர். ஏறக்குறைய ஐம்பது வயதில் அரண்மனையின் தலைமைச் சிற்பியானார். 1588-இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார்.

சுல்தான் சுலைமானின் மகன் மெஹ்மத் இளவயதில் இறந்தபோது, அவன் நினைவாகச் சினான் கட்டியது ஷெஹ்ஸாதே பள்ளிவாசல். 1548-இல் முடிந்தது. ஹாகியா சோபியாவில் நடுக்கும்மட்டத்துக்கு இரு புறம் மட்டுமே அரைக் கும்மட்டங்கள் முட்டுக்கொடுக்கின்றன. சினான் நான்கு புறமும் வைத்தார். உறுதிதான், ஆனால் உள்ளே நின்று பார்த்தால் எத்திசையும் ஒன்று போலவே தோன்றுகிறது. எனக்கு அது சற்றுச் சலிப்பாகவே இருந்தது.

அடுத்தது குன்றின்மீது நிற்கும் சுலைமானியா, 1550 முதல் 1557 வரை கட்டியது. இங்கே சினான் மீண்டும் ஹாகியா சோபியாவின் இரண்டு அரைக் கும்மட்டங்களுக்கே திரும்பினார். பழைய பாடநூற்காரர் இதைக் கண்டுதான் 'அதே அச்சு' என்று எழுதினார் போலும். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று ஒரு தூணருகே அமர்ந்தபோது என் வாக்கியம் ஆட்டங்கண்டது. ஹாகியா சோபியாவில் பக்கக் கூடங்களைத் தூண்வரிசைகள் பிரித்து மறைக்கின்றன. சுலைமானியாவிலோ பக்கங்கள் திறந்து கிடக்கின்றன. எந்த மூலையில் இருப்பவருக்கும் கூடம் முழுதும் ஒன்றாகவே தெரிகிறது. தோளோடு தோள் சேர்ந்து நீண்ட அணிகளாக நின்று தொழுவோருக்கு அவ்விடமே வேண்டும். அப்படியானால் பக்கச்சுவரைத் தாங்கும் முட்டுச்சுவர்கள் எங்கே? பாதியை உள்ளேயும் பாதியை வெளியேயும் வைத்து, இடையிடையே தாழ்வாரங்களை அமைத்து மறைத்துவிட்டார்! வெளித் தாழ்வாரத்தின் கீழே ஒளுச் செய்யும் குழாய்கள். கும்மட்டம் 53 மீட்டர் உயரம். அதன் பாரத்தைத் தடுத்து நிற்கும் சுவரருகே ஒரு முதியவர் அமைதியாகக் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

சுற்றிலும் மதரசாக்கள், மருத்துவசாலை, ஏழைகளுக்கு உணவளித்த சமையற்கூடம் முதலியன. இவற்றுக்கெல்லாம் செலவு வக்ஃபு சொத்துக்களின் வருவாயிலிருந்து வந்தது. கடைவீதிக்கு நடுவே உள்ள ருஸ்தம் பாஷா பள்ளிவாசலில் இதைக் கண்ணாரக் காணலாம். கீழே கடைகள், அவற்றின் வாடகை மேலே உள்ள பள்ளிக்கு. அதன் சுவர்களில் பதித்த இஸ்னிக் ஓடுகளின் சிவப்பு இன்றும் மங்கவில்லை. பயணிகள் மொய்ப்பது 1616-இல் முடிந்த ஆறு மினார்களுடைய சுல்தான் அகமது பள்ளிவாசலில்தான். அதன் நீல ஓடுகள் அழகியவை; எனினும் அதன் நான்கு பெருந்தூண்களின் பருமன் என் கண்ணுக்கு உறுத்தலாயிருந்தது.

சினான் தம் முழு விடையை எழுதியது இந்நகரில் அன்று. எதிர்னே நகரத்துச் சலீமியாவில், 1575-இல். எட்டுத் தூண்கள் வட்டமாக நின்று, 31 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட கும்மட்டத்தைத் தாங்குகின்றன. ஷெஹ்ஸாதேயைப் பயிலுநராகவும், சுலைமானியாவைத் தேர்ந்த தொழிலாளியாகவும், சலீமியாவை ஆசானாகவும் இருந்து கட்டியதாகச் சினானே கூறினார் என்பர். ஹாகியா சோபியா தளர்ந்தபோது 1570-களில் அதற்கு முட்டுச்சுவர்கள் எழுப்பிக் காத்தவரும் அவரே. யாருடைய கட்டடத்தைப் பார்த்துப் படித்தாரோ, அதையே பழுதுபார்த்தார்.

சுலைமானியாவின் வெளிமதிலையடுத்து, இரு தெருக்கள் கூடும் முனையில் சினானின் சமாதி இருக்கிறது. மிகச் சிறிய இடம். முனையில், வழிப்போக்கருக்கு நீர் வழங்க அமைத்த ஒரு சாளரம். நான் முதல் நாள் அதைக் கவனியாமலே கடந்து சென்றுவிட்டேன்.