நெகிழ்வட்டும் அதன் மீட்சியும்

கணினியில் எழுதியவற்றைச் சேமித்தற்கு ஒருகாலத்துப் பெருவழக்காயிருந்தது புளொப்பி எனப்படும் நெகிழ்வட்டு. 1971ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் எட்டு அங்குல வட்டினை வெளியிட்டது. பின்னர் ஐந்தேகால் அங்குல வட்டும் மூன்றரை அங்குல வட்டும் தோன்றின. மெல்லிய பொலியெசுத்தர்ப் படலத்தின்மீது காந்தத் துகள்களை ஒட்டுபொருளுடன் கலந்து பூசியமைத்ததே இவ்வட்டு.

ஈரமும் தூசியும் மிக்கவிடத்துக் கிடப்பின் வட்டிற் பூஞ்சணம் படரும். வாசிக்கும் முனை வட்டினைத் தொட்டே செல்வதாதலின், அழுக்குடன் சுழலும் வட்டிற் கீறல் விழும், பூச்சு உரியும். உரிந்த பூச்சோடு பதிவும் ஒழியும். ஆதலின் முதற்கடன் வாசித்தலன்று, துப்புரவாக்கலேயாம்.

ஐந்தேகால் அங்குல வட்டாயின், உறையின் ஓரத்தை வெட்டி அதனை வெளியிலெடுப்பர். நார் உதிராத துணியைச் செறிந்த ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்து, இருபுறமும் மெல்லத் துடைப்பர். பூச்சுத் துணியில் ஏறுமாயின் உடனே நிறுத்துவர். நன்கு உலர்ந்தபின் தூய உறையிலிட்டு, புதிதாக எதுவும் பதியாதிருக்க உறையின் ஓரத்து வெட்டினை ஒட்டுத்தாளால் மூடி, முனை துடைத்த இயக்கியில் வாசித்து முழுப்பிரதி எடுப்பர். வட்டின் காந்த மாற்றங்களை உள்ளவாறே பதியும் கருவிகளும் இன்று உள.

ஓவியர் அன்டி வோர்ஹோல் 1985இல் அமிகாக் கணினியில் வரைந்த படங்கள், பிற்ஸ்பேர்க் நகரத்து அருங்காட்சியகத்தின் வட்டுகளில் நெடுநாள் அடைபட்டுக் கிடந்தன. கார்ணகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தார் அத்தகைய கருவிகொண்டு அவற்றை மீட்டமை 2014இல் உலகறிந்தது.

வட்டு அழியுந் தன்மையது. அதனை வாசிக்கும் இயக்கிகளும் அருகி வருகின்றன. காக்கவேண்டியது வட்டினையன்று, அதிற் பொதிந்த பொருளையே. அது பிரதியாகும் வரை வட்டினை அழுக்கோடு சுழற்றாதிருத்தலே அறிவுடைமையாகும்.