காயமில்லை, கண்ட சாட்சியுமில்லை, வழக்கு நிற்குமா?

ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்ததும் நமது தோட்டங்களில் எழும் பேச்சு பெரும்பாலும் இதுதான்: 'யார் பார்த்தது? உடம்பில் காயமிருக்கிறதா? சின்னப்பிள்ளை சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு பொலிசுக்குப் போவதா?' இதற்கு விடையில்லை என்று எண்ணிப் பல குடும்பங்கள் வாய்மூடி விடுகின்றன. சட்டம் உண்மையில் என்ன கேட்கிறது என்பதை நாம் சற்று நோக்குவோம்.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 1995இல் பெரிதும் திருத்தப்பட்டது. அதற்கு முன் 12 வயதைத் தாண்டிய சிறுமி 'சம்மதித்தாள்' என்று சொல்லி எதிரி தப்பிக்கொள்ள வழியிருந்தது. திருத்தம் அந்த எல்லையை 16 ஆக்கியது. 16 வயது நிரம்பாத சிறுமியுடன் உடலுறவு கொள்வது, அவள் சம்மதித்திருந்தாலும், வல்லுறவே. தண்டனை 10 முதல் 20 ஆண்டுகள் என்று சட்டம் சொல்கிறது. ஆயினும் அந்தக் குறைந்தபட்ச எல்லை நீதிபதியைக் கட்டாயப்படுத்தாது என 2008இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

உடலுறவு அளவுக்குப் போகாத செயல்களும் குற்றமே. பாலியல் இச்சைக்காகப் பிள்ளையின் உடலில் தன் உறுப்பாலோ, கையாலோ, ஏதேனும் பொருளாலோ ஒருவர் செய்யும் செயல் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் எனப்படும். ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 'பொடியன்தானே, என்ன ஆகப்போகிறது' என்பது நம்மிடையே உள்ள பேச்சு. சட்டத்தில் அதற்கு இடமில்லை.

இனி அந்தக் கேள்விகளுக்கு வருவோம். எதையும் நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று சான்றுக் கட்டளைச் சட்டம் விதிக்கவில்லை. கேள்வியை விளங்கி விடை சொல்லக்கூடிய பிள்ளை சாட்சி சொல்லலாம். அச்சொல் நம்பத்தக்கதென்று நீதிபதி கண்டால் அது ஒன்றே போதும். எதிர்த்துப் போராடிய காயம் இருந்தே ஆகவேண்டும் என்பதுமில்லை. 1995 திருத்தமே இதைச் சொல்கிறது. பிள்ளைகளின் உடலில் அடையாளம் எதுவும் இல்லாதிருப்பது வைத்தியர்களுக்குப் புதிதன்று. என்றாலும் சட்ட வைத்திய அதிகாரியிடம் தாமதியாமல் காட்டவேண்டும். அதற்கு முன் பிள்ளையைக் குளிப்பாட்டாதீர்கள். உடுத்திருந்த துணியைத் துவைக்காமல் கடதாசிப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பொலித்தீன் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். நாட்கள் கடந்துவிட்டாலும் போகவேண்டும்.

நமது மக்களின் வழக்குகள் இடறக்கூடிய இடம் வேறொன்று: வயது. பிள்ளை 16 வயதுக்குக் குறைந்தவர் என்பதையும் நிரூபிக்கவேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது பத்திரங்களும் உள்ளே போயின. கலவரங்களில் இடம்பெயர்ந்தவர்களுக்கும் இதே கதைதான். பத்திரமில்லாவிட்டால் பல்லையும் எலும்பையும் பார்த்து வைத்தியர் வயதைக் கணிப்பார். அது 'இத்தனைக்கும் இத்தனைக்கும் இடையில்' என்றுதான் வரும். அந்தச் சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போகும். ஆகவே தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். பிறப்பைப் பதியாதிருந்தால் காலங்கடந்த பதிவுக்கு வழியுண்டு. பாடசாலைச் சேர்வுப் பதிவேடும் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடும் அதற்குத் துணையாகும்.

அடுத்தது வாக்குமூலம். பிள்ளை தமிழில் சொல்ல, சிங்களத்தில் எழுதி ஒப்பம் வாங்கினால், பின்னர் மேல் நீதிமன்றில் எதிரியின் சட்டத்தரணி இரண்டையும் ஒப்பிட்டு 'அன்று அப்படிச் சொன்னாயே' என்று மடக்குவார். தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுதும்படி கேளுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பின்னரே ஒப்பமிடுங்கள். பிள்ளையின் முதல் விசாரணையை வீடியோவில் பதிந்து சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. இது பற்றித் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிடம் கேட்கலாம். ஆனாலும் குறுக்கு விசாரணைக்குப் பிள்ளை வரவேண்டியிருக்கும். வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டு, 'இப்படிச் சொல்' என்று பழக்குவது பிள்ளையின் சொல்லையே கெடுக்கும். சொன்னதைச் சொன்னபடி கேட்டு, திகதியோடு எழுதி வையுங்கள்.

முறைப்பாட்டைப் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவிலோ 1929 என்ற இலக்கத்திலோ செய்யலாம். பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் அறியவேண்டியது: பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைப் பத்திரிகையில் வெளியிடுவதே தண்டனைக்குரிய குற்றம்.

தோட்டத்துப் பெரியவர்கள் கூடி, ஒரு தொகையைப் பேசி முடிப்பதும், 'கட்டிக் கொடுத்துவிடுவோம்' என்பதும் உண்டு. இவை சமாதானமாகத் தீர்க்கக்கூடிய குற்றங்களல்ல; தலைவருக்கோ மத்தியஸ்த சபைக்கோ அந்த அதிகாரமில்லை. பொதுச்சட்டப்படி 18 வயதுக்கு முன் திருமணம் செல்லாது. நட்டஈடு உண்டு. அதைச் சிறைத்தண்டனைக்கு மேலதிகமாக நீதிமன்றம் கட்டளையிடும். அது பிள்ளைக்கு உரிய பணம்.