கல்பாசிக்குப் பெயர் என்ன?

நாகபுரிக் கடையில் 'கல்பாசி' என்றால் வணிகர் விழிக்கிறார். 'தகட்பூல்' என்றதும் எடுத்துத் தருகிறார். பொருள் ஒன்றே. ஆயினும் அது பூவுமன்று, பாசி மட்டுமன்று. பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் 'லைக்கன்' ஆகும்.

ஒரே பொட்டலத்தில் பல இனங்கள் கலந்திருப்பதுண்டு. தோற்றத்தில் ஒத்திருக்கும் அவற்றைப் பிரித்தறிய, 1866-ஆம் ஆண்டில் நைலாண்டர் என்னும் அறிஞர் இரசாயனச் சோதனையைக் கையாண்டார். சலவைத்தூள் கரைசல் ஒரு துளி பட்டால், 'பார்மோட்ரீமா டிங்டோரம்' இனத்தின் வெள்ளை உள்ளடுக்கு சிவக்கும். 'பார்மோட்ரீமா பெர்லாட்டம்' சிவவாது.

சீட்டு மாறினால் சரக்கு ஊர் மாறிப்போகும் என்பதை இரயில்வே அலுவலில் இருக்கும் நாம் அறிவோம். சோதித்தபின் பெயரிடும் வழக்கத்தை நம் குழந்தைகளுக்கு அஞ்சறைப் பெட்டியிலிருந்தே கற்பிப்போமாக! ஊர்தோறும் வழங்கும் பெயர்களையும் அவர்கள் மறவாதிருக்கட்டும்.