அடுத்தவர் தலையில் கட்டிப் படிக்கும் பாடம்

மெய்நிகர் (வி.ஆர்.) உலகங்களை உருவாக்கக் கற்றுத்தரும் பல்கலைக்கழகப் பாடம் என்றாலே யூனிட்டி மென்பொருள், சி ஷார்ப் மொழி, முப்பரிமாண உருவங்கள் என்றுதான் பாடத்திட்டம் நீளும். இவை தேவைதான். ஆனால் வி.ஆர். செயலிகள் பெரும்பாலும் கவிழ்வது ஹெட்செட்டை அணிந்துகொள்பவரின் உடலில். அமெரிக்காவின் எப்காட் பூங்காவில் 1990-களின் நடுவே, அலாவுதீனின் பறக்கும் கம்பளத்தை ஓட்டிப் பார்க்கும் வி.ஆர். காட்சி ஒன்றை டிஸ்னி நடத்தியது. 14 மாதங்களில் சுமார் 45,000 பேர் அணிந்து பார்த்தார்கள். சுற்றிலும் ஓர் உலகத்தையே எழுப்பி வைத்திருந்தும் அவர்கள் தலையை அதிகம் திருப்பவில்லை. திரையை நேரே பார்த்துப் பழகிய கழுத்துக்குத் திரும்பத் தோன்றவில்லை என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். நிரலை எத்தனை முறை புரட்டினாலும் இது தென்படாது.

தலைசுற்றலும் அப்படித்தான். கண் நகர்வதாகச் சொல்கிறது. உள்காதின் சமநிலை உறுப்பு அசையவில்லை என்கிறது. இந்த இழுபறியில் குமட்டல் வருகிறது. காட்சி தாமதித்தாலும் இதே இழுபறிதான், அதனால் தலை திரும்பியதும் சுமார் 20 மில்லிவிநாடிக்குள் காட்சி மாற வேண்டும் என்பது துறையில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. 2016-இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் விநாடிக்கு 90 படங்கள் காட்டியது. ஒரு படத்தை வரையக் கிடைப்பது 11 மில்லிவிநாடி. மரத்துக்கு இன்னும் நாலு கிளை சேர்ப்போமே என்ற ஆசை அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், தினமும் அணிந்து பார்க்கும் மாணவரின் உடல் இந்தக் குறைக்குப் பழகிப்போகும். ருசி பார்த்துப் பார்த்தே மரத்துப்போன சமையற்காரர் நாக்கு மாதிரி. தன் படைப்பைச் சோதிக்கச் சற்றும் லாயக்கில்லாதவர் அதைச் செய்தவரே.

அலாவுதீன் ஆய்வில் பங்கேற்ற ரேண்டி பௌஷ், 1998-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பாடத்தின் அமைப்பு இங்கேதான் பொருள்படுகிறது. வெவ்வேறு துறைகளிலிருந்து சுமார் 50 மாணவர்கள். நால்வர் கொண்ட குழுக்கள். இரண்டே வாரத்தில் ஓர் உலகம். காட்டி முடித்ததும் குழுவைக் கலைத்து அடுத்தது. இரண்டு வாரத்தில் பொம்மைதானே செய்ய முடியும், கணிதம் எங்கே என்று கேட்கலாம். நியாயம்தான், சுழற்சிக் கணக்குகளை ஊன்றிப் படிக்கத் தனியாக ஒரு வரைகலைப் பாடம் வேண்டும். ஆனால் ஒரு பருவம் முழுக்க ஒரே திட்டத்தைச் செதுக்குபவர் கடைசி வாரத்தில்தான் தன் தவற்றைக் காண்கிறார். அதைத் திருத்த அவருக்கு நாள் இருக்காது.

ஆளுக்கொரு ஹெட்செட் கட்டுப்படியாகுமா என்பது அடுத்த கேள்வி. அது தேவையே இல்லை. வெளியாள் ஒருவர் அணிந்திருக்க, குழுவினர் அவர் கழுத்தையும் காலையும் கவனிப்பதுதான் படிப்பு. 2014-இல் கூகுள் அறிமுகப்படுத்திய அட்டைப்பெட்டிக் கருவியில், செல்போனைச் செருகினாலே தலை திரும்புகிறதா என்று பார்த்துவிடலாம். எழுந்து நடந்தால் அது உணராது. அதற்கு மட்டும் நல்ல ஹெட்செட் ஒன்றைக் குழுக்கள் முறைவைத்துப் பகிரலாம்.

இத்தகைய பாடத்தில் சேர நினைத்தால், எந்த மென்பொருள் கற்றுத்தருவார்கள் என்று கேட்பதற்கு முன், பருவம் முடிவதற்குள் முன்பின் தெரியாத எத்தனை பேர் உங்கள் படைப்பை அணிந்து பார்ப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள்.