காலைக் கட்டிங் தெளிய வைக்குமா?

நேற்று இரவு நண்பர் வீட்டு விசேஷம். இன்று காலை தலை விண்விண்ணென்று தெறிக்கிறது. "ஒரு கட்டிங் போடு மாப்ளே, தெளிஞ்சிடும்" என்று யோசனை சொல்ல ஓர் ஆள் எப்போதும் இருப்பார். கேட்காதீர்கள். அந்தக் கட்டிங் தலைவலியை மத்தியானத்துக்குத் தள்ளிவைக்கும், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். இரவு பதினொரு மணிக்கு முடித்தவர் ரத்தத்தில் காலை ஆறு மணிக்கும் மிச்சம் இருக்கலாம். குளித்தாலும் கறுப்புக் காப்பி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. ஆகவே பைக் சாவியைத் தொட வேண்டாம்; 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சட்டப்படி குற்றம்.

சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை மது அடக்கிவிடுவதால் உடம்பில் நீர் வற்றுகிறது. உப்புப் போட்ட மோர், இளநீர், கஞ்சி, பிறகு தூக்கம். பாராசிட்டமால் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே திண்டாடும் கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை. ஓயாத வாந்தி, குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் எழாத மயக்கம் என்றால் உடனே 108.

இந்தத் தலைவலிக்கு மருந்து தேடிய சோதனைகளை அலசி 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. எதுவும் வேலை செய்வதாக உறுதியான சான்று இல்லை என்றது அது. வயிறார உண்டுவிட்டு, குறைவாக, மெதுவாகக் குடித்தவருக்கு வலியும் குறைவு. குடிக்காதவர் இந்நேரம் இரண்டாவது இட்லியில் இருப்பார்.