வெட்டினால் திறக்கும் பூட்டு

புதிரை விடுவிக்கத் தாளை வெட்டியாக வேண்டும் என்ற நிலை வந்ததும், கத்தரிக்கோலை எடுத்தவர் கை நின்றுவிடும். எதிரே இருப்பவர், ‘பொறு, வெட்டாமலே முடிகிறதா பார்ப்போம்’ என்பார். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தம் கையாலேயே சிதைக்க எவருக்கும் எளிதில் மனம் வருவதில்லை. வீட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து குழுவாக ஆடும் ‘எக்சிட்’ என்னும் தப்பிப்பு விளையாட்டில் ஆய்ந்தறியத்தக்க செய்தி இந்தத் தயக்கத்தில்தான் தொடங்குகிறது.

அறைக்குள் ஆட்களை அடைத்துப் புதிர்களை அவிழ்த்து வெளியேறச் சொல்லும் ஆட்டத்தை, சப்பானின் கியோத்தோ நகரில் 2007-இல் தக்காவோ காத்தோ தொடங்கினார். அதைச் சிறு பெட்டிக்குள் அடக்கியவர்கள் செருமனியைச் சேர்ந்த இங்கா, மார்க்கசு பிராண்டு இணையர். கோசுமோசு பதிப்பகம் 2016-இல் வெளியிட்ட முதல் மூன்று பெட்டிகளும் சேர்ந்து, தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான ஆட்டங்களுக்கென அந்நாட்டில் வழங்கும் விருதை 2017-இல் பெற்றன. பெட்டிக்குள் இருப்பவை ஒரு சிற்றேடு, சீட்டுக்கட்டு, சுழல்வட்டு, இரண்டொரு விந்தைப் பொருள்கள், அவ்வளவே.

பூட்டாக நிற்பது அந்தச் சுழல்வட்டு. ஒவ்வொரு புதிருக்கும் ஒரு குறி உண்டு. அக்குறியின் கீழ் மூன்று இலக்கங்களை நிறுத்தினால், வட்டின் சாளரத்தில் ஒரு விடைச்சீட்டின் எண் தெரியும். மூன்று இடங்களில் பத்துப் பத்து இலக்கங்கள் என்றால் 1000 சேர்க்கைகள். பத்து நொடிக்கு ஒன்றாகக் குருட்டாம்போக்கில் முயன்றாலும் ஒரு புதிருக்கே இரண்டே முக்கால் மணிநேரம் கழிந்துவிடும். ஒரு பெட்டியிலோ பத்துப் புதிர்கள். அது மட்டுமன்று. விடைச்சீட்டு உடனே ‘சரி’ என்று சொல்லிவிடாது. அந்தக் குறி எந்தப் பூட்டின் மீது, எந்தப் பெட்டகத்தின் மீது காணப்படுகிறது என்று கேட்டு, இன்னொரு சீட்டுக்கு அனுப்பும். தற்செயலாய் எட்டிய எண் அங்கே பிடிபட்டுவிடும். மின்கலமோ கணினியோ இன்றி, அட்டைத்துண்டுகளைக் கொண்டே அமைந்த இந்த இருமடிச் சரிபார்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஊகத்துக்கு வழியடைத்தபின் எஞ்சுவது சிந்தனை. அது எங்கே தடுக்கி விழுகிறது? செருமானிய உளவியலர் கார்ல் துங்கர் வடிவமைத்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. அவர் மறைவுக்குப்பின் 1945-இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. மெழுகுதிரி, தீக்குச்சிகள், ஒரு சிறு பெட்டி நிறையக் குத்தூசிகள் ஆகியவற்றைக் கொடுத்து, மெழுகுதிரியைச் சுவரில் நிறுத்தச் சொன்னார். பெட்டியைக் கவிழ்த்துக் காலியாக்கிச் சுவரில் குத்திவிட்டால் அதுவே மாடம். மெழுகுதிரியை அதன்மேல் வைத்துவிடலாம். ஆனால் ஊசிகள் நிறைந்த பெட்டியைப் பெற்றவர்களில் பலருக்கு அது ஊசி வைக்கும் கலமாகவே பட்டது. காலிப் பெட்டியாகக் கொடுத்தபோதோ விடை எளிதில் தோன்றியது. ஒரு பொருளுக்கு முன்பே வாய்த்த பயன், அதன் பிற பயன்களை மறைத்துவிடுகிறது.

சிற்றேடு படிப்பதற்கு, பெட்டி அடைப்பதற்கு என்று பழகிய நமக்கும் அதே முடக்கம்தான். இவ்விளையாட்டில் தாளை மடிக்கலாம், அதன்மேல் எழுதலாம், வெட்டலாம், கிழிக்கலாம். விதியேடு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறது. படித்தும் நாம் நம்புவதில்லை. தாள் வீணாகிறதே என்று வருந்துவோர் உண்டு. படியெடுத்து ஆடி, மூலத்தைப் பிறர்க்குக் கொடுப்போரும் உண்டு. அவர்களின் சிக்கனம் நல்லதே. எனினும் சிதைக்க இசையும் அந்த நொடியில்தான் பழைய பயன் கைநழுவிப் புதிய பயன் புலப்படுகிறது என்பதால், வெட்டுவதையே நான் சரி என்பேன்.

மற்றொரு தடை, ஆடுவோர் ஒருவருக்குள் அன்றி அவர்களுக்கு இடையில் எழுவது. காரல்டு இசுட்டாசர், வில்லியம் டைட்டசு என்னும் அமெரிக்க உளவியலர் இருவர் 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நால்வர் நால்வராகக் குழு அமைத்து, வேட்பாளர் மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தனர். எல்லாச் செய்திகளும் எல்லாரிடமும் இருந்தபோது பெரும்பாலான குழுக்கள் தகுதிமிக்கவரையே தேர்ந்தன. அவருடைய நற்பண்புகளைத் துண்டு துண்டாக்கி ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தபோது, கூடிப் பேசியும் மிகச் சில குழுக்களே அவரைக் கண்டுகொண்டன. எல்லாரும் அறிந்ததையே திரும்பத் திரும்பப் பேசினார்கள். ஒருவர் மட்டும் அறிந்தது அவையேறவில்லை.

மேசையில் இதைக் கண்கூடாகக் காணலாம். சிற்றேட்டை அண்ணன் வைத்திருப்பார்; சீட்டு தங்கையிடம் இருக்கும். சீட்டின் ஓரத்தில் மூன்று வண்ணக் கோடுகள் இருப்பதை அவள் பார்த்திருப்பாள். ‘இதெல்லாம் ஒரு செய்தியா’ என்று வாய்திறவாமல் இருப்பாள். அண்ணனோ அதே வண்ணங்களின் வரிசை தெரியாமல் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். இருவரும் அறிவுடையோர், புதிர் அசையாது. ஆகவே ஆடத் தொடங்குமுன் ஓர் ஏற்பாடு செய்துகொள்வது நலம்: புதிதாக ஒரு சீட்டு வந்ததும், பொருள் விளங்காவிட்டாலும் கண்ணில் பட்டவை அனைத்தையும் அவரவர் உரக்கச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் ஒன்றும் நகராவிட்டால் கையிலுள்ளதை அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். ஒருவருக்குத் தலைகீழாகத் தெரிந்த படம் மற்றவருக்கு நேராகத் தெரிவதாலேயே அவிழும் புதிர்களும் உண்டு. குறிப்பாகச் சிறுவர் சொல்வதை முதலில் கேளுங்கள். ‘இது இதற்குத்தான்’ என்ற பழக்கம் அவர்களிடம் இன்னும் இறுகவில்லை.

அதன்பின்னும் வழி தெரியாதோர்க்கு உதவிச்சீட்டுகள் இருக்கின்றன. முதற்சீட்டு என்னென்ன பொருள்கள் கையில் இருக்க வேண்டும் என்று கூறும், அடுத்தது வழிகாட்டும், கடைசியானது விடையையே தந்துவிடும். எடுத்தால் இறுதி மதிப்பீட்டில் விண்மீன் குறையலாம். அதற்காக அரைமணிநேரம் முகம் வாடி உட்கார்ந்திருப்பதைவிட, முதற்சீட்டை எடுத்து ‘நம்மிடம் எல்லாம் இருக்கிறதா’ என்று உறுதிசெய்துகொள்வதே அறிவுடைமை.

ஒருமுறை ஆடியவர் அதே பெட்டியை மீண்டும் ஆட முடியாது. தாள்களைச் சிதைத்ததால் வந்த குறை என்று இதைப் பலர் எண்ணுகிறார்கள். தாள்கள் பழுதின்றி இருந்தாலும் நிலைமை அதுவே. பெட்டியை மாடமாகக் கண்டுவிட்டவர் அதை வெறும் பெட்டியாகக் காணும் நிலைக்குத் திரும்ப இயலாது. மின்னலெனத் தோன்றிய விடைகள் நினைவில் நெடுங்காலம் தங்குகின்றன. எனவே கத்தரிக்கோலை எடுக்கையில் நாம் இழப்பது ஒன்றுமில்லை.